இரத்தப் போக்கின்றி இரத்த உறைவைத் தடுக்க இயலுமா?

(கோலார் தங்கவயல், ராபர்ட்சன்பேட்டையில் கல்லூரி மாணவர்களுக்கும் பொதுநல மருத்துவத் துறை அலுவலர்களுக்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



புதிய அறிவியல் முதலில் எங்கே போய்ச் சேர்கிறது என்னும் கேள்விக்கு இந்தத் தங்கவயலின் வரலாறே ஒரு விடையாகும். 1902-ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியே வந்து இங்குள்ள சுரங்கங்களை இயக்கிற்று. பெங்களூர் நகரம் மின்விளக்கைக் கண்டது அதன் பின்னர், 1905-இல்தான். 1965-இல் இதே சுரங்கத்தில், தரைக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ துகள்களின் தடயத்தை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் ஜப்பானிய, ஆங்கிலேய அறிவியலாளர்களுடன் கூடிப் பதிவு செய்தனர். தங்கம் இருந்தவரை அறிவியல் இவ்வூரைத் தேடி வந்தது. 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கம் மூடப்பட்டது. இன்று இங்குள்ள மக்களில் ஆயிரக்கணக்கானோர் வேலைக்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறுகின்றனர்.

இனி உருவாகும் அறிவியலின் பயன் இத்தகைய ஊருக்கு வந்து சேர வேண்டுமானால், அதற்கு வேறொரு வழியை நாமே அமைத்தாக வேண்டும். இந்த எண்ணத்தோடுதான், மருத்துவ உலகில் இன்று பெரிதும் பேசப்படும் ஒரு மருந்து வகையைப் பற்றி உங்களுடன் பேச வந்துள்ளேன். இரத்தக் குழாயினுள் இரத்தம் உறைந்து கட்டியாவதைத் தடுக்கும் மருந்துகள் நம்மிடம் பல உண்டு. அவை அனைத்துக்கும் பொதுவான குறை, இரத்தப் போக்கு. இக்குறையை வெகுவாகக் குறைக்கும் எதிர்ப்பொருள் மருந்துகள் இப்போது சோதனைக்களத்தில் உள்ளன. ஆன்டிபாடி என்று மருத்துவர்கள் குறிப்பிடுவதையே எதிர்ப்பொருள் என்கிறோம்.

காக்கும் உறைவும் கொல்லும் உறைவும்

கையில் கத்தி பட்டால் சிறிது நேரத்தில் இரத்தம் உறைந்து நின்றுவிடுகிறது. அவ்வாறு நில்லாவிடின் சிறு காயமே உயிரைக் குடித்துவிடும். ஆனால் அதே உறைவு மூளைக்குச் செல்லும் குழாயில் ஏற்பட்டால் பக்கவாதம்; இதயத்தின் தமனியில் ஏற்பட்டால் மாரடைப்பு; காலின் சிரையில் உண்டாகி நுரையீரலுக்குப் பெயர்ந்து சென்றால் திடீர் மரணம். உலகில் நிகழும் இறப்புகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று இவ்வகை உறைவுடன் தொடர்புடையது என்று 2014-இல் வெளியான பன்னாட்டு மதிப்பீடு ஒன்று கூறுகிறது.

இரத்தம் எவ்வாறு உறைகிறது? நம் இரத்தத்தில் உறைதல் காரணிகள் எனப்படும் புரதங்கள் உறங்கும் நிலையில் மிதந்துகொண்டிருக்கின்றன. ஒன்று விழித்தால் அது அடுத்ததை எழுப்பும். அது இன்னொன்றை எழுப்பும். இறுதியில் திராம்பின் என்னும் நொதி தோன்றி, பைப்ரின் இழைகளாலான வலையைப் பின்னுகிறது. தட்டணுக்களும் சிவப்பணுக்களும் அவ்வலையில் சிக்கிக் கட்டியாகின்றன. படிப்படியாக இறங்கும் அருவியை ஒத்த இவ்வரிசையை 1964-இல் இங்கிலாந்தில் மக்பார்லேனும், அமெரிக்காவில் டேவி, ராட்னாப் ஆகியோரும் தனித்தனியே விளக்கினர். காரணிகள் ரோமானிய எண்களால் குறிக்கப்படுகின்றன. அவற்றுள் நம் கவனத்திற்குரியது பதினோராம் காரணி.

பழைய மருந்துகளின் பெருமையும் குறையும்

உறைதலைத் தடுக்கும் மருந்துகளின் வரலாறு 1916-இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மெக்லீன் என்னும் மருத்துவ மாணவர் ஹெப்பாரின் கண்டுபிடிப்புக்கு வழி வகுத்தார். மாணவர் ஒருவரின் பணி அது என்பதை இங்குள்ள மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். அடுத்து வந்தது வார்பரின். கெட்டுப்போன தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து மடிந்தன. விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க் என்பவரின் ஆய்வுக் குழு அதன் காரணத்தை ஆராய்ந்து, காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் பிறந்த வார்பரின் 1948-இல் எலி மருந்தாகவும், 1954 முதல் மனிதருக்கு உரிய மருந்தாகவும் பயன்பட்டது. நம் நாட்டில் இதே இனத்தைச் சேர்ந்த அசினோகூமரால் மிகுதியாக வழங்கப்படுகிறது.

இம்மருந்துகள் எண்ணற்ற உயிர்களைக் காத்துள்ளன. எனினும் இவற்றைக் கையாளுவது கயிற்றின் மேல் நடப்பது போன்றது. கல்லீரல் வைட்டமின் கே-யின் துணைகொண்டு செய்யும் நான்கு காரணிகளை இவை ஒருங்கே குறைக்கின்றன. அளவு சற்றுக் குறைந்தால் உறைவு. சற்று மிகுந்தால் இரத்தப் போக்கு. உண்ணும் கீரையின் அளவு மாறினாலும், காய்ச்சலுக்கு வேறொரு மாத்திரை சேர்ந்தாலும் இரத்தத்தின் நிலை மாறிவிடும். ஆகவே ஐ.என்.ஆர். எனப்படும் இரத்தச் சோதனையைத் தவறாது செய்துகொள்ள வேண்டும். நகரத்தில் வாழ்பவருக்கு இது ஒரு தொல்லை மட்டுமே. அன்றாடக் கூலியை நம்பி வாழ்பவருக்கோ ஒவ்வொரு சோதனையும் ஒரு நாள் ஊதியத்தையும் பயணச் செலவையும் விழுங்கும்.

2010 முதல் டபிகட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான் ஆகிய புதிய மாத்திரைகள் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன; உலகெங்கும் பரவின. இவை திராம்பினையோ பத்தாம் காரணியையோ நேராகத் தடுப்பவை. அடிக்கடி சோதனை தேவையில்லை. மூளையினுள் இரத்தக் கசிவும் வார்பரினை விடக் குறைவு. ஆயினும் திராம்பினும் பத்தாம் காரணியும் காயத்தை அடைக்கவும் இன்றியமையாதவை. அவற்றைத் தடுக்கும் எந்த மருந்தும் காக்கும் உறைவையும் சேர்த்தே தடுக்கும். குடலில் கசிவு, சிறுநீரில் இரத்தம், ஈறுகளில் ஒழுக்கு ஆகியன தொடர்ந்தன. இரத்தப் போக்கிற்கு அஞ்சி மருத்துவரே மருந்தைக் குறைத்து எழுதுவதும், நோயாளியே நிறுத்திவிடுவதும் உலகெங்கும் காணப்படுவனவே. மருந்து இருந்தும் பக்கவாதம் தடுக்கப்படாமைக்கு இந்த அச்சம் ஒரு பெருங்காரணம்.

இயற்கை நடத்திய சோதனை

காக்கும் உறைவை விட்டுவிட்டுக் கொல்லும் உறைவை மட்டும் தடுக்க இயலுமா? இயலும் என்னும் நம்பிக்கையை ஊட்டியது ஓர் அரிய பிறவிக் குறைபாடு.

1953-இல் நியூயார்க்கில் ராபர்ட் ரோசந்தாலும் அவருடைய தோழர்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரு சகோதரியரையும் அவர்களுடைய தாய்மாமனையும் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டனர். பல் பிடுங்கிய போதும், தொண்டையில் அறுவை செய்த போதும் அவர்களுக்கு இரத்தப் போக்கு அளவு கடந்தது. மற்ற நேரங்களில் அவர்கள் இயல்பாகவே வாழ்ந்தனர். அவர்களிடம் குறைந்திருந்தது பதினோராம் காரணி. எட்டாம் அல்லது ஒன்பதாம் காரணி அறவே இல்லாத ஹீமோபிலியா நோயாளிக்கு அடிபடாமலேயே மூட்டுகளில் இரத்தம் கசியும். பதினோராம் காரணி குறைந்தவருக்கு அவ்வாறு நிகழ்வது அரிது.

இக்குறைபாடு மிகுந்து காணப்படும் இஸ்ரேலில் பின்னர் ஓர் ஆய்வு நடைபெற்றது. காரணி கடுமையாகக் குறைந்த, 45 வயதும் அதற்கு மேலும் ஆன 115 பேரை ஆராய்ந்தனர். அவ்வயதுடைய பொதுமக்களின் கணக்குப்படி அவர்களுள் எட்டு ஒன்பது பேருக்கு உறைவால் வரும் பக்கவாதம் ஏற்பட்டிருக்க வேண்டும். ஏற்பட்டது ஒருவருக்கே. 2008-இல் வெளியான இம்முடிவு மருந்தியலாரின் கவனத்தை ஈர்த்தது. ஆனால் அதே மக்களிடையே மாரடைப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. எல்லா உறைவுக்கும் இது மாற்றாகாது என்பதற்கு இயற்கையே அளித்த எச்சரிக்கையாக இதைக் கொள்ளலாம்.

இதன் காரணத்தைச் சுரங்கத்தை அறிந்த உங்களுக்கு எளிதில் விளக்கலாம். சுரங்கத்தில் ஒரு முதன்மை வாயில் உண்டு. பக்கவாட்டில் துணைப் பாதைகளும் உண்டு. இரத்தக் குழாய்க்கு வெளியே, தசையிலும் தோலிலும், திசுக்காரணி என்னும் பொருள் நிறைந்துள்ளது. காயம் பட்டு இரத்தம் வெளியேறியதும் அதனுடன் கலந்து, முதன்மை வாயில் வழியே வேண்டிய அளவு திராம்பின் உடனே தோன்றிவிடுகிறது. அதற்குப் பதினோராம் காரணியின் உதவி பெரிதாகத் தேவையில்லை. குழாயின் உள்ளே தோன்றும் உறைவின் நிலை வேறு. முதலில் உண்டான சிறிதளவு திராம்பின் திரும்பிச் சென்று பதினோராம் காரணியை எழுப்புகிறது. அது மேலும் திராம்பினை உண்டாக்குகிறது. இத்துணைப் பாதை வழியேதான் சிறு கட்டி குழாயை அடைக்கும் பெருங்கட்டியாக வளர்கிறது. முதன்மை வாயிலைத் திறந்து வைத்து, துணைப் பாதையை மட்டும் அடைப்பதே புதிய மருந்துகளின் நோக்கம்.

எதிர்ப்பொருள் எனும் கருவி

நோய்க்கிருமி உடலில் புகும்போது அதை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் புரதமே எதிர்ப்பொருள். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பது போல ஒவ்வோர் எதிர்ப்பொருளும் ஓர் இலக்கை மட்டுமே பற்றும். 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் கேம்பிரிட்ஜில் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு உற்பத்தி செய்யும் முறையைக் கண்டனர். 1984-இல் நோபல் பரிசு அவர்களை அடைந்தது.

உறைவைத் தடுக்க இக்கருவியைப் பயன்படுத்துவது புதிதன்று. அமெரிக்காவின் பேரி காலர் உருவாக்கிய எதிர்ப்பொருளிலிருந்து பிறந்த அப்சிக்சிமாப் 1994-இல் அங்கு ஒப்புதல் பெற்றது. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதை அது தடுத்தது. இதயத் தமனியில் பலூன் சிகிச்சை பெற்றோரிடையே நடந்த பெரிய ஆய்வில், உறைவால் வரும் கேடுகள் 35 விழுக்காடு குறைந்தன. ஆனால் கடும் இரத்தப் போக்கு 7 விழுக்காட்டிலிருந்து 14 விழுக்காடாக இரு மடங்காயிற்று. கருவி கூர்மையாக இருந்தால் போதாது, இலக்கும் சரியாக இருக்க வேண்டும் என்பது அன்று கற்ற பாடம். தட்டணுக்களின் ஒட்டுதல் காயத்தை அடைக்கவும் இன்றியமையாதது அன்றோ?

பதினோராம் காரணியை இலக்காகக் கொண்டு பல மருந்துகள் உருவாகியுள்ளன. ஓசோசிமாப், அபெலாசிமாப் என்பன அவற்றுள் எதிர்ப்பொருள்கள். அபெலாசிமாப், பதினோராம் காரணியின் வினைபுரியும் பகுதியைப் பற்றி, அதை உறங்கும் நிலையிலேயே நிறுத்தி வைக்கிறது. நோவார்ட்டிஸ் நிறுவனத்தில் தோன்றிய இதனை 2019 முதல் ஆந்தோஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் வளர்த்தது. 2025-இல் நோவார்ட்டிஸ் அந்நிறுவனத்தையே விலைக்கு வாங்கிற்று.

மாத்திரையினும் எதிர்ப்பொருளுக்குச் சில சிறப்புகள் உண்டு. அது உடலில் வாரக்கணக்கில் தங்கும். மாதம் ஒருமுறை தோலுக்கடியில் ஊசி போட்டால் போதும். சிறுநீரகம் பழுதுற்றவரிடம் மாத்திரைகள் சில உடலில் தேங்குவது போல இது தேங்குவதில்லை. உணவாலும் பிற மருந்துகளாலும் இதன் அளவு எளிதில் மாறுவதில்லை. ஆனால் நீண்ட நாள் தங்குவது சிறப்பும் ஆகும், இடரும் ஆகும். விபத்து நேர்ந்தாலோ அவசர அறுவை வேண்டியிருந்தாலோ மருந்தை உடனே உடலிலிருந்து நீக்க இயலாது. பிறவியில் இக்காரணி குறைந்தோரின் அறுவையின்போது டிரானெக்ஸாமிக் அமிலம் பயன்பட்டு வருகிறது. விலை மலிவான அம்மருந்து இத்தகைய வேளையில் கைகொடுக்கும் என்று எதிர்பார்க்கலாம். தாயின் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடையக்கூடியவை. ஆதலின் கருவுற்ற பெண்களைப் பொறுத்தவரை தனி எச்சரிக்கை வேண்டும்.

சோதனைக்களம் கூறுவது

முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்குப் பின் கால் சிரைகளில் உறைவு ஏற்படுவது மிகுதி. எனவே புதிய மருந்துகள் முதலில் அங்கே சோதிக்கப்படுகின்றன. 2021-இல் வெளியான ஆய்வில் 412 நோயாளிகள் பங்கு பெற்றனர். வழக்கமான எனாக்சபாரின் ஊசியை நாள்தோறும் பெற்றோரில் 22 விழுக்காட்டினருக்கு உறைவு காணப்பட்டது. அறுவைக்குப் பின் ஒரே ஒரு முறை 75 மில்லிகிராம் அபெலாசிமாப் பெற்றோரில் 5 விழுக்காட்டினருக்கும், 150 மில்லிகிராம் பெற்றோரில் 4 விழுக்காட்டினருக்கும் மட்டுமே அது ஏற்பட்டது. இரத்தப் போக்கு எல்லாப் பிரிவிலும் மிகக் குறைவாகவே இருந்தது.

இதனினும் முக்கியமானது அசேலியா எனப் பெயரிடப்பட்ட ஆய்வு. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நோயில், அங்கே இரத்தம் தேங்கி உறைந்து மூளைக்குச் செல்லும். பக்கவாதம் வரும் வாய்ப்பை இந்நோய் ஏறத்தாழ ஐந்து மடங்காக்கும். இந்நோயுடைய 1,287 பேர் மாதம் ஒரு ஊசி அபெலாசிமாபையோ, நாள்தோறும் ரிவராக்சபான் மாத்திரையையோ பெற்றனர். ஊசி பெற்றோரிடம் இரத்தப் போக்கு மிகவும் குறைந்திருந்ததால் 2023 செப்டம்பரில், குறித்த காலத்துக்கு முன்னரே, கண்காணிப்புக் குழு ஆய்வை நிறுத்தப் பரிந்துரைத்தது. 2025 ஜனவரியில் முழு விவரம் வெளியாயிற்று. மருத்துவ கவனத்துக்கு உரிய இரத்தப் போக்கு, ரிவராக்சபான் பெற்றோரில் ஆண்டுக்கு நூற்றுக்கு 8.4, அபெலாசிமாப் 150 மில்லிகிராம் பெற்றோரில் 3.2, 90 மில்லிகிராம் பெற்றோரில் 2.6.

இவ்வெண்கள் மகிழ்ச்சி தருபவை. ஆனால் தராசின் மறு தட்டையும் பார்க்க வேண்டும். பக்கவாதத்தை இவ்வூசி மாத்திரைக்கு இணையாகத் தடுக்கிறதா என்பதைத் தீர்மானிக்கும் அளவுக்கு அசேலியா பெரிய ஆய்வன்று. இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். அசுண்டெக்சியான் என்பது இதே பதினோராம் காரணியைத் தடுக்கும் மாத்திரை. எதிர்ப்பொருள் வகையைச் சேர்ந்தது அன்று. 14,810 நோயாளிகளிடம் அதனை அபிக்சபானுடன் ஒப்பிட்டனர். கடும் இரத்தப் போக்கு அபிக்சபான் பெற்றோரில் 0.7 விழுக்காடாகவும், அசுண்டெக்சியான் பெற்றோரில் 0.2 விழுக்காடாகவும் இருந்தது. ஆனால் பக்கவாதமும் உறைவும் ஏற்பட்டவர்கள் முறையே 0.4, 1.3 விழுக்காட்டினர். 2023 நவம்பரில் அவ்வாய்வு நிறுத்தப்பட்டது. கசிவு குறைந்தது, காவலும் குறைந்தது.

இதனால் பதினோராம் காரணி தவறான இலக்கு என்று முடிவு கட்டுவதும் பொருந்தாது. காரணியை எத்தனை முழுமையாக, எத்தனை நேரம் அடக்கி வைக்கிறோம் என்பதைப் பொறுத்து விளைவு மாறலாம். மாதம் முழுவதும் இடைவிடாது அடக்கும் எதிர்ப்பொருளின் தன்மை வேறு, நாள்தோறும் உண்ணும் மாத்திரையின் தன்மை வேறு. இரத்தப் போக்கிற்கு அஞ்சி எந்த மருந்தும் பெறாதிருக்கும் முதியோரிடம் அபெலாசிமாபைச் சோதிக்க லைலாக் என்னும் ஆய்வும், புற்றுநோயாளரின் உறைவுக்கு ஆஸ்டர், மேக்னோலியா என்னும் ஆய்வுகளும் வகுக்கப்பட்டன. இத்தகைய பெரிய ஆய்வுகளின் முடிவுகளை வைத்தே இம்மருந்தின் இடத்தைக் கணிக்க வேண்டும். முதல் செய்தியை நம்பிக் கணிப்பது முறையாகாது.

நம் நாட்டு நோயாளி

இவ்வாய்வுகளில் பெரும்பாலானவை வளர்ந்த நாடுகளின் முதியோரை மனத்தில் கொண்டவை. நம் நாட்டில் உறைவுத் தடுப்பு மருந்தை வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டியவர்களுள் ஒரு பெரும் பகுதியினர் இளையோர். குழந்தைப் பருவத்தில் தொண்டைப் புண்ணாகத் தொடங்கும் ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வுகளைச் சிதைக்கிறது. நெருக்கமான குடியிருப்புகளில் வாழும் எளிய குடும்பங்களையே இது மிகுதியும் தாக்குகிறது.

இத்தகையோர்க்கு விலை உயர்ந்த அயல்நாட்டு வால்வுகளே கிடைத்து வந்த காலத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் இந்திய வால்வு ஒன்று உருவாக்கப்பட்டது. 1990 டிசம்பர் 6-ஆம் நாள் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. குழுமம் அதனைத் தயாரித்து வழங்கியது. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் பொருத்தப்பட்டுள்ளன. இது நம் நாட்டு அறிவியல் ஏழை நோயாளிக்கு ஆற்றிய பெருந்தொண்டு.

வால்வு மலிவாகக் கிடைத்தாலும், செயற்கை வால்வு பெற்றவர் வார்பரின் இனத்து மருந்தை இறுதிவரை உண்ண வேண்டும். புதிய மாத்திரைகள் இவர்களுக்குப் பயன்படவில்லை. டபிகட்ரானைச் செயற்கை வால்வு பெற்றோரிடம் சோதித்த ஆய்வு, உறைவும் கசிவும் இரண்டுமே மிகுந்ததால் நிறுத்தப்பட்டது; அதன் முடிவு 2013-இல் வெளியாயிற்று. ருமாட்டிக் நோயால் இதய மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்போரிடம் ரிவராக்சபானைச் சோதித்த இன்விக்டஸ் ஆய்வில் இந்தியாவின் பங்கு பெரிது. புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிலையத்தின் டாக்டர் கணேசன் கார்த்திகேயன் அதற்குத் தலைமை தாங்கியோருள் ஒருவர். 24 நாடுகளில், 4,500-க்கும் மேற்பட்டோர் பங்கு பெற்றனர்; சராசரி வயது ஏறத்தாழ 50; நான்கில் மூவர் என்னும் அளவுக்குப் பெண்கள். 2022-இல் வெளியான முடிவு பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. பழைய மருந்தைப் பெற்றோரிடமே இறப்பு குறைவாக இருந்தது. இரத்தப் போக்கும் குறிப்பிடத்தக்க அளவு மிகவில்லை.

வேறு நாட்டு நோயில் வெற்றி பெற்ற மருந்து நம் நாட்டு நோயிலும் வெற்றி பெறும் என்று கருதிவிடலாகாது என்பதை இம்முடிவு உறுதிப்படுத்திற்று. நம் நோயை நாமே ஆராய்ந்தால்தான் உண்மை விளங்கும். பதினோராம் காரணிக்கு எதிரான எதிர்ப்பொருளைப் பொறுத்தவரை நாம் கேட்க வேண்டிய சிறப்பான கேள்வி ஒன்று உண்டு. செயற்கை வால்வின் மேற்பரப்பில் இரத்தம் படும்போது பன்னிரண்டாம் காரணி விழித்து, அது பதினோராம் காரணியை எழுப்புகிறது. எனவே செயற்கைப் பொருளின் மீது ஏற்படும் உறைவில் இத்துணைப் பாதைக்குப் பங்கு மிகுதி. அப்பாதையை அடைக்கும் மருந்து வால்வு பெற்ற இளைஞருக்கு உதவக்கூடுமா? இக்கேள்விக்கு விடை காணும் ஆர்வம் நம் நாட்டிற்கு இருப்பது போல வேறு நாடுகளுக்கு இருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது.

நம்மிடம் உள்ள ஆற்றல்

இதைச் செய்யும் ஆற்றல் நமக்கு உண்டா? உண்டு என்றே கூறலாம். சண்டிகரிலுள்ள நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிலையத்தில் டாக்டர் கிரீஷ் சாஹ்னியின் குழுவினர், உறைவைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தை நம் நாட்டிலேயே உருவாக்கினர். அதனோடு நில்லாது, உறைவைச் சென்று சேர்ந்த பின்னரே செயல்படத் தொடங்கும் வகையில் அம்மூலக்கூற்றை மாற்றி அமைத்தனர். மற்ற இடங்களில் கசிவு ஏற்படாதிருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். 2006-இல் அத்தொழில்நுட்பத்துக்கு அமெரிக்காவின் நாஸ்ட்ரம் நிறுவனம் உரிமம் பெற்றது.

எதிர்ப்பொருள் உற்பத்தியும் நமக்குப் புதிதன்று. இங்கிருந்து நூறு கிலோமீட்டர் அளவே உள்ள பெங்களூரில் பயோகான் நிறுவனம் 2006 முதல் புற்றுநோய்க்கான எதிர்ப்பொருளைச் சந்தைக்கு அளித்து வந்துள்ளது. மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாபின் நிகர் மருந்தை 2014-இல் அது அறிமுகப்படுத்தியது. மறுபுறம், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரத்தம் உறையாமைக் குறைபாட்டில் நெடுங்கால அனுபவம் உடையது. ஹீமோபிலியா நோயாளர் ஐவருக்கு அங்கு அளிக்கப்பட்ட மரபணு சிகிச்சையின் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. உற்பத்தித் திறன் ஒரு நகரில், மருத்துவ அறிவு மற்றொரு நகரில். இரண்டுக்கும் இடையே இருக்கிறது இந்தத் தங்கவயல்.

அரசின் அமைப்புகளும் உள்ளன. உயிரியல் மருந்துகளின் நிகர் வடிவங்களுக்கு 2012-இல் வழிமுறைகள் வகுக்கப்பட்டு 2016-இல் திருத்தப்பட்டன. 2017-இல் ரூ. 1,500 கோடி மதிப்பீட்டில், உலக வங்கியின் பங்களிப்புடன், தேசிய உயிரி மருந்து இயக்கம் தொடங்கப்பட்டது. மருந்துச் சோதனைகளில் பங்கு பெறுவோரின் நலனைக் காக்கும் விதிகள் 2019-இல் புதுப்பிக்கப்பட்டன.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, விலை. காப்புரிமை நீடிக்கும் வரை எதிர்ப்பொருள் மருந்தின் விலை எளியோர்க்கு எட்டாது. ரிவராக்சபானின் இந்தியக் காப்புரிமை 2020-இலும், அபிக்சபானுடையது 2022-இலும் முடிவுற்ற பின் பல நிறுவனங்கள் அவற்றைத் தயாரித்தன. எதிர்ப்பொருளை உயிரணுக்களைக் கொண்டு வளர்த்தெடுக்க வேண்டியிருப்பதால், மாத்திரையைப் போல எளிதில் நகலெடுக்க இயலாது. ஆகவே காப்புரிமை முடியும் நாள்வரை காத்திராமல், உற்பத்தித் திறனை முன்கூட்டியே வளர்ப்பது அறிவுடைமை.

இரண்டாவதாக, வழங்கும் முறை. இம்மருந்தைக் குளிரில் காக்க வேண்டும். தடுப்பூசிக்காக இரண்டு முதல் எட்டு டிகிரி வரை குளிர்காக்கும் அமைப்பை நாடெங்கும் ஆரம்ப சுகாதார நிலையம் வரை ஏற்கெனவே கொண்டு சென்றுள்ளோம். மாதம் ஒரு ஊசியை ஊர்ச் செவிலியரே போட இயலும். விலை உயர்ந்த மருந்தையும் சிற்றூருக்குக் கொண்டு செல்ல முடியும் என்பதற்குக் கருநாடகத்திலேயே சான்று உண்டு. புனீத் ராஜ்குமார் பெயரால் அமைந்த இருதய ஜோதித் திட்டத்தின் கீழ், மாரடைப்பில் உறைவைக் கரைக்கும் டெனெக்டிப்ளேஸ் ஊசி வட்ட மருத்துவமனைகளில் இலவசமாக அளிக்கப்படுகிறது. பெங்களூர் ஜெயதேவா நிலையத்தின் வல்லுநர்கள் தொலைவிலிருந்தே இதயப் பதிவைப் பார்த்து வழிகாட்டுகின்றனர்.

மூன்றாவதாக, இருப்பதைக் கைவிடாமை. புதிய மருந்து வரும் என்று எண்ணி ஐ.என்.ஆர். சோதனையைப் புறக்கணிப்பது பெருந்தவறாகும். இன்விக்டஸ் ஆய்வு காட்டியது போல, நம் நோயாளிக்கு இன்று சிறந்த காவல் பழைய மாத்திரையே. ஒரு சொட்டு இரத்தத்தில் அதே இடத்தில் ஐ.என்.ஆர். காணும் சிறு கருவிகளை வட்ட மருத்துவமனைகளில் வைத்தால் நோயாளியின் கூலியும் பயணமும் மிஞ்சும். மருந்தைத் தாமாகவே நிறுத்தலாகாது என்பதையும், கறுத்த மலம், நில்லாத மூக்குக் கசிவு போன்ற அறிகுறிகளைக் கண்டால் உடனே வர வேண்டும் என்பதையும் நோயாளியின் மொழியிலேயே கூற வேண்டும். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கும் இவ்வூரில் இது சிறு செய்தியன்று.

நான்காவதாக, நோயை முளையிலேயே தடுத்தல். ருமாட்டிக் காய்ச்சல் கண்ட சிறுவருக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சதைன் பென்சிலின் ஊசியைத் தவறாது போட்டுவந்தால் வால்வு மேலும் சிதைவதைத் தடுக்கலாம். விலை உயர்ந்த எதிர்ப்பொருளைப் பற்றிப் பேசும் அதே மேடையில், விலை குறைந்த பென்சிலினைப் பற்றியும் பேசக் கடமைப்பட்டுள்ளோம்.

மாணவ நண்பர்களே, இம்மருந்து உருவான வழியை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பல் பிடுங்கிய பின் இரத்தம் நில்லாத ஒரு குடும்பத்தை ஒரு மருத்துவர் கவனத்துடன் ஆராய்ந்தார். பல ஆண்டுகள் கழித்து வேறொரு நாட்டில் அத்தகையோரிடம் பக்கவாதம் குறைவு என்று கணக்கெடுத்தனர். அதிலிருந்து ஓர் இலக்கு பிறந்தது. இலக்கிலிருந்து மருந்து பிறந்தது. நோயாளியைக் கூர்ந்து நோக்குவதும் பதிவேட்டை ஒழுங்காக எழுதுவதும் அறிவியலின் முதற்படி. அப்படி எந்த மருத்துவமனையிலும் தொடங்கலாம்.

அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வட்டத்தில் செயற்கை வால்வுடன் வாழ்வோர் எத்தனை பேர், அவர்களுள் மாதந்தோறும் சோதனை செய்துகொள்வோர் எத்தனை பேர், மருந்தை நிறுத்தியவர்கள் ஏன் நிறுத்தினர் என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை கொண்ட ஒரு பதிவேட்டைத் தொடங்குங்கள். அது இன்றைய நோயாளிக்குக் காவலாகும். நாளை புதிய மருந்தை நம் மக்களிடம் முறையாகச் சோதிக்க முன்வரும் ஆய்வாளருக்கு அடித்தளமுமாகும். அத்தகைய பதிவேடு இருக்கும் ஊரை ஆய்வாளர்கள் தேடி வருவார்கள்.